பதினான்கு வீட்டுக் கம்பி

சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி ஒரே நீளமாக மணியடித்தது.

ஒரு நீள மணி என்றால் யாரோ டவுனிலிருக்கும் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். பாஸ்டர் வீட்டுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. ஆகவே இந்த அழைப்புக்கும் பாஸ்டரின் மனைவி சிக்னேவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எடுக்கக்கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை. நாலு மணியாக இன்னும் ஐந்து நிமிடம். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை பொர்கில். கணவன் எய்விண்ட் ஸ்லெட்ஜ் என்ற பனிவண்டியைப் பூட்டிக்கொண்டு சபையார் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தான். ஜன்னலுக்கு வெளியே நிலம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி ஒரே வெள்ளை.

அவர்கள் நோர்டால் என்ற இந்தப் பண்ணை ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எய்விண்டுக்கு இருபத்தாறு வயது, இதுதான் முதல் சபை. வந்த மறுநாளே சபைப் பெண்கள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கையோடு அலமாரிகளைத் திறந்து பார்த்து, பழைய பாஸ்டரம்மா தட்டுகளை எங்கே அடுக்குவாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். பேச்சைச் சேமித்து வைத்தால் அடுத்த வருஷ விதைப்புக்கு ஆகும் என்பதுபோல் நடந்துகொண்டார்கள்.

பக்கத்துப் பண்ணை தோரா பாக்கென் மட்டும் விதிவிலக்கு. மூன்றாவது வாரம் லெஃப்சா ரொட்டிக் கட்டோடு கூடத்துக்குள் நுழைந்தவள், கடிகாரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சிக்னேவின் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த கடிகாரம் அது.

"இதுதானா அது! சத்தத்த மட்டும் மூணு வாரமா கேட்டுக்கிட்டிருக்கோம். ஏன் பாஸ்டரம்மா, எப்பவும் ஒண்ணு கூடவே அடிக்குதே? மூணுக்கு நாலு, நாலுக்கு அஞ்சு?"

"அது ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். ஆமா, மூணு வாரமா எங்கேர்ந்து கேட்டீங்க?"

தோரா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "போன்லதான், வேற எங்க? ஒரே கம்பி, பதினாலு வீடு."

"அப்ப நான் எங்கம்மாகிட்ட பேசினதெல்லாம்..."

"அம்மாவுக்கு முட்டிவலி இப்ப தேவலையா?"

அன்று சாயந்திரம் சிக்னே குதித்த குதியில் எய்விண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "விடு. பனி கொட்ட ஆரம்பிச்சா இங்க வேற என்ன இருக்கு அவங்களுக்கு?"

பனி கொட்ட ஆரம்பித்தது. வேறு என்ன இருக்கிறது என்று சிக்னேவுக்கும் தெரிந்துபோனது. காற்று, அடுப்பு, குழந்தையின் துணிகள். நவம்பரில் ஒருநாள் அம்மாவுக்குப் போன் போட்டு வாய்விட்டு அழுதாள். "இங்க ஒருத்தர்கூட என்கிட்ட பேசறதில்லம்மா." டிசம்பரில், யாருக்கோ வந்த அழைப்பைக் கைதவறி எடுத்தாள். அடுத்த தடவை கை தவறவில்லை.

ஒலிவாங்கியை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டால் போதும், கேட்கலாம். யார் வீட்டில் கானரிக் குருவி, யார் வீட்டு அடுப்புக் கதவு கிறீச்சிடும், எல்லாம் மனப்பாடம் ஆயிற்று. அவளுக்கு ரொம்பப் பிடித்தவள் இரண்டு மைல் தள்ளியிருந்த குரோ லியன். தன் ஆறு வயது மகன் எம்ப்ரிக்கைப் பற்றித் தங்கையிடம் அளந்துகொண்டே இருப்பாள். "நேத்து கேக்கறான்டி, ஏசப்பா தண்ணி மேல நடந்தாரே, தண்ணி உறைஞ்சிருந்தா பனிச்சறுக்குக் கட்டை போட்டுக்கிட்டிருப்பாரான்னு!" கையால் மூடியிருந்ததால் சிக்னேவின் சிரிப்பு கம்பியில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தப் பையனைப் பார்த்தபோது, உன்னை எனக்குத் தெரியும்டா என்று சொல்ல வாய்வரை வந்தது. எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது, காதில் வைத்த ரிசீவரில் அதே குரோவின் குரல். ஆனால் அது பேசவில்லை, அலறியது.

"டாக்டர்! நான் குரோ... எங்க எம்ப்ரிக்குக்கு வயித்து வலி, நேத்து ராத்திரிலேர்ந்து... வலது பக்கம்... தொடவே விடமாட்டேங்கறான்..."

"யாரும்மா அது? சத்தமா பேசு. எந்தப் பண்ணை?"

ஒவ்வொரு ரிசீவராக எடுக்க எடுக்க, கம்பியில் ஓடுகிற குரல் ஒவ்வொரு படியாக இறங்கும். பதினான்கு வீட்டுக்கும் தெரிந்த சங்கதிதான் இது. பதினான்கு மைலுக்கு அந்தப் பக்கம் டாக்டர் கத்தினார்.

"கம்பியில இருக்கறவங்க எல்லாரும் கீழ வைங்க! உடனே வைங்க!"

டிக். ஒருத்தி வைத்தாள். டிக். டிக். சிக்னே எண்ணினாள். நாலாவதாக ஒரு டிக்.

வைத்துவிட வேண்டும். வைத்துவிடலாம். ஆனால் எம்ப்ரிக்குக்கு என்ன என்று தெரிய வேண்டாமா? தெரிந்தால் எய்விண்டை அனுப்பலாமே. மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். ஒரு வீடு கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

குழந்தை ரிசீவர் வயரைப் பிடித்து இழுத்தது. அதைத் தடுக்க ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்தாள். அதே நொடியில் முதுகுக்குப் பின்னால் கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

"ஹலோ? ஹலோ?" டாக்டரின் குரல் கிணற்றுக்குள் போனது. பிறகு அதுவும் இல்லை. குரோ போனின் கைப்பிடியை மறுபடி சுற்றினாள். மறுபடி ஒரு நீள மணி. கீழே வைத்தவர்களும் என்ன ஆயிற்று என்று பார்க்க மறுபடி எடுத்தார்கள். சிக்னே வைக்கவே இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்ணுக்குக்கூட எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் குரோவின் புருஷன் க்னூட், குதிரைகளை விரட்டிக்கொண்டு பதினான்கு மைல் பனியில் போனான். டாக்டரோடு திரும்பியபோது பத்து மணி தாண்டிவிட்டது. சமையலறை மேஜையில் படுக்கவைத்து, விளக்கு வெளிச்சத்தில் வயிற்றைத் திறந்தார். குடல்வால் ஏற்கெனவே வெடித்திருந்தது.

சனிக்கிழமை காலை எம்ப்ரிக் போய்விட்டான்.

மத்தியானம் லியன் வீட்டிலிருந்து எய்விண்ட் திரும்பி வந்தான். பூட்ஸைக் கழற்றவில்லை, பனி உருகித் தரையெல்லாம் ஓடியது.

"நாலு மணிக்கே டாக்டர் காதுல விழுந்திருந்தா ஏழு மணிக்கு வந்திருப்பாராம். பொழைச்சிருப்பான்னு சொல்றார். வைங்க வைங்கன்னு அந்த மனுஷன் கத்தியும் சிலது வைக்கலயாம், சிக்னே. வம்பு கேக்கற சுகம்! செவ்வாக்கிழமை அடக்கத்துல நான் சும்மா விடப்போறதில்ல."

சிக்னே துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். அவன் தூங்கப் போனதும் கடிகாரத்தின் முன் போய் நின்று, ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

கல்லாய் உறைந்த மண்ணை இளக்குவதற்காகக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கோலும் நிலக்கரியும் போட்டு இரண்டு நாள் எரித்தார்கள். சமையலறை ஜன்னலிலிருந்தே அந்தப் புகை தெரிந்தது. அவ்வளவு சின்னக் குழிக்கு அவ்வளவு பெரிய நெருப்பு.

திங்கட்கிழமை மத்தியானம் எய்விண்ட் தாளும் கையுமாகச் சமையலறைக்கு வந்தான். பிரசங்கத்தை அவளிடம் படித்துக் காட்டுவது வழக்கம்.

"இந்த இடத்த மட்டும் கேளு. 'ரிசீவரைக் கீழே வைக்காத அந்தக் கையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கை இன்று இங்கே, இந்த ஆலயத்தில், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.' எப்படி இருக்கு?"

சிக்னே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்த கையை அப்படியே தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் கைதான்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பினான். இரண்டு நாளாக மணி அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

எய்விண்ட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தாளின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"வெளிய தெரிஞ்சா நம்மள இங்க வெச்சிருக்க மாட்டாங்க."

"தெரியும்."

"சொல்லாம விட்டுட்டா?"

"விட்டுட்டா, இந்தத் தாள நீங்க எந்த முகத்தோட படிப்பீங்க? நான் எந்த முகத்தோட கேப்பேன்?"

செவ்வாய்க்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. பலிபீடத்துக்கு முன்னால், ஒரு ஆள் தனியாகத் தூக்கிவிடக்கூடிய பெட்டி. எய்விண்ட் பிரசங்க பீடத்தில் நின்று படித்தான். அந்த இடம் வந்தது. நின்றுவிட்டான். யாரோ இருமினார்கள். அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அன்று அந்தக் கம்பியில் பாஸ்டர் வீடும் இருந்தது" என்றான். "கடைசி வரை இருந்தது. என்னால் இதற்குமேல் பேச முடியாது."

ஒருவரும் சிக்னேவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சுகள் மட்டும் அங்கங்கே கிறீச்சிட்டன. தோரா பாக்கென் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள், அவள் தோள் குலுங்கியது.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஆலயத்தின் கீழ்த்தளத்துக்குக் காப்பி குடிக்க இறங்கினார்கள். கோப்பைகள் அடுக்கிய மேஜையருகே சிக்னே நின்றாள். அவளைச் சுற்றி இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்தைக் கடந்து ஒரே ஒருத்தி வந்தாள். கறுப்புச் சால்வை போர்த்திய குரோ.

"லியன் அம்மா, நான்..."

"தெரியும் பாஸ்டரம்மா. அன்னிக்கே தெரியும். நாலு மணிக்கு அஞ்சு அடிச்சுதே." குரோவின் கண்ணில் ஈரமில்லை. "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும். என்கிட்ட பதில் இல்ல."

சிக்னே கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"நவம்பர்ல உங்கம்மாகிட்ட அழுதீங்க. இங்க ஒருத்தர்கூட பேசறதில்லன்னு. நானும் கேட்டுக்கிட்டிருந்தேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது, அதக்கூட எறக்கி வைக்கல, அவ்வளவு சுவாரசியம். அன்னிக்கு நான் கோட்ட மாட்டிக்கிட்டு வந்து உங்க கதவத் தட்டியிருக்கணும். ரெண்டே ரெண்டு மைல். வரல." ஒரு கோப்பையை எடுத்தாள், காலிக் கோப்பை என்று பார்த்துவிட்டு வைத்தாள். "கடிகாரத்த நிறுத்திட்டீங்களாமே? மூணு நாளா சத்தத்தக் காணோம்னு தோரா சொன்னா."

"ஆமா. என்னால அதக் கேக்க முடியல."

"ஓட விடுங்க."

சிக்னே நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இன்னும் ஒரு பொண்ணு இருக்கா. நாளைக்கே அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் போனத்தான் எடுக்கணும். அப்ப நீங்க கம்பியில இருக்கீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அதனால ஓடட்டும்."

சொல்லிவிட்டு குரோ படியேறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சிக்னே கோட்டைக்கூடக் கழற்றாமல் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ஊசலைத் தட்டிவிட்டாள்.

சபை அவர்களை வெளியேற்றவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. மூப்பர்கள் கூடி, பாஸ்டர் வீட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. ஒரு நீளம். யாரோ எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிறார்கள். என்ன அவசரமோ, யாருக்கு என்னவோ. சிக்னேவின் கை பாதி தூரம் போனது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மணி ஓயும்வரை நின்றாள். ஓய்ந்த பிறகும் நின்றாள்.

பிறகு குழந்தையை எய்விண்டிடம் கொடுத்துவிட்டுக் கோட்டையும் கம்பளிக் காலுறையையும் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ரெண்டு மைல் போயிட்டு வரேன்."

லியன் பண்ணைக் கதவைத் தட்டியபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன. உள்ளே காலடிச் சத்தம் வந்தது, கதவுக்குப் பக்கத்தில் நின்றது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.

குரோ அவளைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பி நடந்தாள்.

சிக்னே வாசலிலேயே பூட்ஸின் பனியைத் தட்டினாள். பக்கத்துச் சுவரில், அவள் இடுப்பு உயரம்கூட இல்லாத இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள் சாய்ந்திருந்தன. அவற்றின் மேல் படாதபடி கோட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.