உட்கார்ந்திருந்தவர்

“இதை விட்டா வேற போட்டோவே இல்லையாம்மா?”

மகன் கேட்டபோது அவள் கணவரின் உடலுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்னூக்கர் போட்டிகளுக்கு அவர் போட்டுக்கொண்டு போகும் கையில்லாத கறுப்புக் கோட்டு. நோயில் இளைத்த உடம்பில் அது தொளதொளவென்று கிடந்தது.

தலைமாட்டில் வைக்க அவர் விளையாடுகிற படம் ஒன்று வேண்டும். இருந்ததோ ஒரே படம். அதிலும் மனிதர் பந்தைக் குத்தும் கியூ ஸ்டிக்கை முழங்காலில் சாய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் டிவியில் வந்த ஒரே ஆட்டம் அது. சொந்தபந்தமெல்லாம் கூடிப் பார்த்தார்கள். எதிராளி பந்துகளை ஒவ்வொன்றாக மேசையோரப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே போனார். எதிராளி தவறவிட்டால்தான் இவர் எழுந்து ஆடலாம். அவர் தவறவிடவே இல்லை. “மாப்பிள்ளை எப்பத்தான் விளையாடுவாரு?” என்று அவளுடைய சித்தப்பா கேட்க, வீடே சிரித்தது. அன்றிலிருந்து அவர் ‘நாற்காலி மாப்பிள்ளை’.

ஊர் ஊராகப் போனார், தோற்றுத் திரும்பினார், மறுபடியும் போனார். அலுத்துப்போனது அவளுக்குத்தான். இத்தனை காலம் இந்த மனிதர் என்னதான் செய்தார் என்று யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இல்லை. இன்றைக்கு அது உறுத்தியது.

வாசலில் நெட்டையான ஒரு பெரியவர் வந்து நின்றார். தலை நரைத்திருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. டிவியில் ஜெயித்தவர்.

“நாலஞ்சு தடவை எதிரெதிரா ஆடியிருக்கோம்மா,” என்றார்.

“எல்லாத்திலயும் நீங்கதானே ஜெயிச்சீங்க?”

மழுப்பாமல் தலையாட்டினார். மகன் கையிலிருந்த படத்தையே பார்த்தார்.

“உக்காந்திருக்கிறவன் நம்மளக் கெடுக்கத்தான் பாப்பான். இருமுவான், தண்ணி கிளாஸை டொக்குனு வைப்பான். இவரு மூச்சு விடறதுகூடக் கேக்காது. நான் தோக்கணும்னு நெனைக்காமயா இருந்திருப்பாரு? இருந்தாலும் என்னை ஆட விட்டாரு.” தன் காலைக் குனிந்து பார்த்தார். “எனக்கு அது வராதும்மா. உக்காந்தா நான் காலை ஆட்டுறவன்.”

அவள் கணவரின் கோட்டுச் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“அதையே வைடா,” என்றாள் மகனிடம்.

வண்டி வரத் தாமதமானது. பெரியவர் உடலருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கால் ஒருமுறை ஆடப் பார்த்தது. கையை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அவள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, சத்தம் வராமல் அவர் பக்கத்தில் வைத்தாள்.