பதினான்கு வரியைத் துடைத்தவள்

பிரௌசர் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் துடைப்பம். பிரௌசரின் நிரலுக்குள் பழைய குப்பை கிடந்தால் அவள் கை சும்மா இருக்காது.

ஒழுங்காக அமைக்காத இணையதள சர்வர்கள் சில உண்டு. புது முறையில் கூப்பிட்டால் வாயையே திறக்காது. பாவம் பார்த்து, பிரௌசர் இறங்கிவந்து பழைய முறையில் இன்னொரு தரம் கூப்பிடும். அந்தச் சலுகைக்கு நிரலில் பதினான்கு வரி. மற்ற பிரௌசர்கள் போன வருடமே எடுத்துவிட்டன. "இன்னும் எத்தனை நாள் இதுங்களைத் தாஜா பண்றது?" என்று, பிரௌசர்கள் தாமாக அனுப்பிவைக்கும் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அந்தச் சலுகை தேவைப்பட்டவர்கள் பூஜ்யம். துடைத்தாள். திங்கட்கிழமை புதுப் பதிப்பு வெளியே போனது.

வியாழன் மதியம் தம்பி மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். தம்பி மூன்று வருடமாகச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தான்.

"அண்ணி, கிட்னி கிடைச்சிருச்சு! ஆனா உறுப்பு தானப் பதிவேட்டைத் திறந்தா ஸ்கிரீன் வெள்ளையா நிக்குது. ஒரு மணி நேரத்துக்குள்ள சம்மதம்னு அழுத்தலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம். இருபது நிமிஷம்தான் இருக்கு."

"போன்ல சொல்லக் கூடாதா?"

"கேட்டாச்சு. ஸ்கிரீன்ல வந்தாத்தான் எடுத்துப்பாங்களாம்."

பதிவேட்டின் முகவரியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டாள். சர்வர் வாயைத் திறக்கவில்லை. நோயாளி விவரம் கசிந்துவிடும் என்று ஆஸ்பத்திரிகள் எண்ணிக்கை அனுப்புவதையே அணைத்து வைத்திருக்கும். அது அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். பூஜ்யத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்து தொலைத்தாள்.

வரிகளைத் திரும்பச் சேர்த்து வெளியே அனுப்ப எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். பழைய பதிப்பைப் போடலாம் என்றால், அதற்கான பாஸ்வேர்டை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் மகராசன் போனை எடுக்கவில்லை.

"நர்ஸம்மாகிட்ட குடு." வாழ்க்கையில் யாரிடமும் கேட்டிராததைக் கேட்டாள். "சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்டேட் பண்ணாத கம்ப்யூட்டர் ஒண்ணாவது இருக்கா?"

"பதிவேட்டுக்கு அனுமதி உள்ளது மூணுதாம்மா. ரெண்டு தானா அப்டேட் ஆயிருச்சு. வார்டுல இருக்கறதை மட்டும் நான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்."

"அது போதும் சிஸ்டர்! ஓடுங்க, அதுல திறங்க!"



"நேத்து தம்பியைப் பாக்க வந்தப்ப, 'இப்படியா போட்டு வைப்பீங்க'ன்னு நீங்கதானம்மா உக்காந்து அப்டேட் பண்ணிட்டுப் போனீங்க."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பயனில்லை என்று தெரிந்தே, பதினான்கு வரியையும் திரும்ப அடிக்க ஆரம்பித்தாள். கண்ணீரில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது நர்ஸின் குரல் கேட்டது.

"அடுத்த பேருக்குப் போயிருச்சும்மா."