சித்தி சொல்லிக்குடுத்த இங்கிலீஷு

பேரு என்னமோ தமிழினி. வாயத் தொறந்தா இங்கிலீஷு. பெத்தவளுக்கு இதுல பெருமைதானே இருக்கோணும்? ஜோதிக்கு வயிறு எரிஞ்சுது. ஏன்னா அந்த இங்கிலீஷு அவ குடுத்ததில்ல, அவ ஓரகத்தி ரஞ்சனி குடுத்தது.

கொழுந்தனக் கட்டிக்கிட்டு அயோத்தியாப்பட்டணத்துல இருந்து ரஞ்சனி வந்து ஒரு வருசம் ஆகுது. பரமத்தி ரோட்டுக் கோழிப்பண்ணைய அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கறாங்க. ஒரே ஊடு, ஒரே அடுப்பு. விடிஞ்சா ஜோதி கோழிக் கொட்டாய்க்குப் போயிருவா. புள்ளையப் பள்ளிக்கோடத்துக்குக் கெளப்பறது ரஞ்சனி. கெளப்பற சத்தம் கொட்டாய் வரைக்கும் கேக்கும். "கெட் ரெடி! சிட் ஸ்ட்ரெய்ட்! கீப் கொயட்!"

நம்ம பாசையில எல்லாத்துக்கும் ஒரே 'ஆச்சு' போதும். சோறு ரெடியாச்சு, பாலு சூடாச்சு, புள்ள டல்லாச்சு. இங்கிலீஷுல அப்படியில்லையாமா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி பாத்து வெச்சிருக்கறாங்க. ரெடின்னா கெட்டு, கொயட்டுன்னா கீப்பு, ஸ்லீப்பின்னா ஃபீலு. எந்த ஜாதகத்தப் பாத்து முடிச்சாங்களோ! ஜோதியும் முட்ட பொறுக்கிக்கிட்டே மனப்பாடம் பண்ணினா. ஒரு நா பொழுதோட புள்ள கொட்டாவி விட, "கீப் ஸ்லீப்பி, சாமி"ன்னு ஆசையாச் சொன்னா. புள்ள சிரிச்ச சிரிப்புல விக்கலே வந்துருச்சு. "சித்தி! அம்மா கீப் ஸ்லீப்பிங்குது!"ன்னு ஓடிப்போய்ச் சொல்லிட்டு அங்கயே படுத்துத் தூங்கிருச்சு.

சிரிச்சதக்கூடப் பொறுத்துக்கலாம். காய்ச்சல் வந்தன்னைக்கு "ஐ ஃபீல் கோல்டு"ன்னு அது போய் நின்னது சித்திகிட்ட. பெத்தவ அணைக்கப் போனா, "அம்மா, யூ ஸ்மெல் பேட்"ன்னு மூக்கப் பொத்திக்கிச்சு. கோழிக் கொட்டாய்ல இருந்து வந்தவ மல்லியப்பூவாட்டவா மணப்பா? 'அந்த நாத்தத்துலதான்டி நீ படிக்கற'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிக்கிட்டா. ரஞ்சனியத் திட்டவும் வழியில்ல. "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, பாப்பாவ நான் பாத்துக்கறேன்"னு அவ நல்லவளா இருந்து தொலைச்சா. கெட்டவளா இருந்திருந்தா ஒரு சண்டையாச்சும் போட்டிருக்கலாம்.

பள்ளிக்கோடத்துல பெத்தவங்க மீட்டிங்கு வந்துச்சு. ரஞ்சனி வந்ததுல இருந்து அவதான் போய்ட்டிருந்தா. ஜோதிக்கு இங்கிலீஷு வராதுன்னு ஊடே முடிவு பண்ணி வெச்சிருந்துச்சு.

"இந்த வாட்டி நான்தான் போவேன்"னா ஜோதி.

புள்ள மூஞ்சி சுண்டிப்போச்சு. "வேண்டாம்மா. சித்தி வரட்டும்."

"ஏஞ்சாமி, நான் வந்தா என்ன?"

புள்ள சித்தி பின்னால போய் ஒளிஞ்சுக்கிச்சு. "போய்ட்டு வாங்கக்கா"ன்னு ரஞ்சனிதான் சொன்னா. எம்புள்ளைக்கு நான் போறதுக்கு இவ உத்தரவு வேறயான்னு ஜோதிக்கு அதுக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னைக்கு அவ பண்ணின காரியத்தப் பாருங்க. ரஞ்சனி கட்டறாப்பலயே ரோஸ் கலர்ல ஒரு சேலை. அதக் கட்டிக்கிட்டுக் கெளம்பினவ, தண்ணிக் கொழாய அடைச்சமான்னு கொட்டாய்க்குள்ள ஒரு எட்டு போனா. பண்ணைக்காரிக்கு இது தெரியாதா? கோழிக்குத் தெனமும் பாக்கற நெறந்தான் நெறம். அதுக்குத்தானே வருசம் பூரா அதே நீலச் சட்டைய மாட்டிக்கிட்டு உள்ள போறது! ரோஸப் பாத்ததும் கொட்டாயே ரெக்கையடிச்சுக் கத்துச்சு. முட்டையெல்லாம் ஒடைஞ்சு சேலை மேலயே தெறிச்சுது. "உனக்கென்ன கிறுக்கா? கண்ணாலத்துக்கா போற?"ன்னு புருசன் வெள்ளியங்கிரி சத்தம் போட்டாரு. மாத்திக் கட்ட நேரமில்ல. முந்தானைய அலசிட்டு முட்ட வாசத்தோடயே போனா.

இந்த வருசந்தான் வந்த புது மிஸ், நல்ல மாதிரி. "வாங்க, ஃபீல் ஃப்ரீ"ன்னாங்க. அது ஜோதிக்குப் புரிஞ்சுது. நெஞ்சு குளுந்து போச்சு. நிமுந்து உக்காந்தா. மார்க்கப் பத்தியெல்லாம் சொல்லி முடிச்சுட்டு மிஸ் தமிழ்லயே கேட்டாங்க.

"நீங்க தமிழினியோட பெரியம்மாதானே? கோழிப்பண்ணை பாக்கறவங்க. பாப்பா சொல்லியிருக்கா. ஏன், அவ அம்மா ரஞ்சனி வரலையா?"

ஜோதி திரும்பிப் பாத்தா. கூட்டாளிப் புள்ளைக நடுவுல, பெஞ்சு ஓரத்தக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நிக்குது தமிழினி. கண்ணு ரெண்டும் ரொம்பியிருந்துச்சு. பத்து மாசம் சொமந்தவ நான்டின்னு அந்தக் கட்டடமே அதிரக் கத்தோணும்போல இருந்துச்சு ஜோதிக்கு. கத்தினா புள்ளையோட பொய் அத்தன பேரு முன்னால அம்பலமாயிரும். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அது இந்த வகுப்புக்கு வரும்?

"ஆமாங்க மிஸ்"ன்னா ஜோதி. "பெரியம்மாதானுங்க. அவங்கம்மாவுக்கு இன்னைக்குக் கொஞ்சம் வேலைங்க."