சிப்போராளின் மூன்று கணவர்களும் எழுந்து வந்த விவரம்

சிப்போராளின் மூன்று கணவர்களும் செத்தவர்களிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்தது, அவளுக்கும் கொழுந்தன் சக்காய்க்கும் கல்யாணம் நடக்கவிருந்த நாளின் காலையில். அன்று யோப்பா துறையில் மத்தி மலிவு. மூவரும் கூடப்பிறந்தவர்கள். மூத்தவன் எலெயாசார் அவளைக் கட்டிப் பிள்ளையில்லாமல் கடலில் மூழ்கினான். அண்ணன் பெயர் அற்றுப்போகக் கூடாது என்ற சட்டப்படி அவளைக் கட்டிக்கொண்ட மெனாகேம், ரோமர்களோடு நடந்த சண்டையில் ஈட்டி பட்டுச் செத்தான். பிறகு கட்டிய யோசேஸைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மிச்சமிருந்தவன் கடைக்குட்டி, கருவாட்டு வியாபாரி சக்காய். அவன் மனம் வைத்தால் கட்டமாட்டேன் என்று சொல்லி, ஊர் முன்னால் அவள் கையால் தன் செருப்பைக் கழற்றக் கொடுத்து அவளை விடுவித்திருக்கலாம். அதற்கும் சட்டம் உண்டு. ஆனால் அண்ணன்மாரின் வீடு துறையைப் பார்த்தபடி இருந்ததால் சக்காய்க்குக் கடமையுணர்ச்சி பொங்கிவிட்டது. சிப்போராள் அதே கல்யாண உடுப்பை நாலாம் முறையாகத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பேசாமல் கடலில் இறங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எலெயாசார் கடலிலிருந்தும், மற்ற இருவர் கல்லறையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். எலெயாசார் ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து பருப்புக் கூழைக் குடித்துவிட்டு, "இன்னும் உப்புப் போடத் தெரியலையா உனக்கு?" என்றான். மெனாகேம் தன் பாயைத் தேடினான். யோசேஸ் மட்டும், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான். சிப்போராள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மதியத்துக்குள் ஊரே வாசலில் நின்றது. ஜெப ஆலயத் தலைவர் ரபி ஹனனுக்குக் கடுங்கோபம். "எலியா வரல, மேசியா வரல. எருசலேமுல ஒரு எலும்புகூட அசையல. அதுக்குள்ள யோப்பாவுல எந்திரிக்க இவனுங்களுக்கு யாரு உத்தரவு குடுத்தா?" என்றார். மேசியா ஏற்கெனவே வந்துபோனார் என்று நம்பும் நசரேயர் சபையின் மூப்பர் தெயோதத்து அவரைவிட மனம் நொந்திருந்தார். வாரந்தோறும் வெள்ளை உடுத்தி, மேட்டில் நின்று, கடைசி நாளுக்காக வானத்தைப் பார்த்துக் கழுத்து வலி கண்ட சபை அவருடையது. "மூணு பேருல ஒருத்தன்கூட முழுக்கு ஞானஸ்நானம் வாங்கலையே! நாங்க என்ன கேனப்பயலுகளா?" என்றார். ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காமல் பல வருடம் நடந்த அந்த இரண்டு கூட்டமும், இந்த உயிர்த்தெழுதல் முறைப்படி நடக்கவில்லை என்பதில் மட்டும் அன்று ஒன்றுபட்டன.

கூட்டத்தைக் கலைக்க வந்த ரோமப் படைத்தலைவன் விபியுஸ் மூவரையும் ஈட்டியின் அடிக்கட்டையால் குத்திப் பார்த்தான். செத்த பிறகு தெய்வமாக உயரும் உரிமை சீசருக்கு மட்டுமே என்றும், இவர்கள் உயரவில்லை, வெறுமனே எழுந்து நிற்கிறார்கள் என்றும், ஆகவே ராஜதுரோகம் இல்லை என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அடுத்தது அவள் யார் மனைவி என்ற கேள்வி. மூத்தவனுக்கே என்றார் ரபி. எழுந்தவர்களுக்குக் கல்யாணமே கிடையாது என்றார் தெயோதத்து. "அந்தம்மாவ எங்க சபை விதவைகளோட சேத்துக்கிறோம். வீட்டையும் சேத்துத்தான்." சக்காய் நெஞ்சை நிமிர்த்தினான். "உசிரோட இருக்கிற ஆம்பள நான்தானே? என்னங்க அண்ணி?"

அதுவரை இதைப் பற்றி அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டதால் அவள் எழுந்து வந்தாள்.

"இவங்க மூணு பேரும் உசிரோட இருக்காங்கன்னா, அண்ணன் பொண்டாட்டியத் தொடுறது பாவம், கொழுந்தனாரே. செத்தவங்கதான்னா, சாவோட கல்யாணம் முடிஞ்சுபோச்சு; இவங்களுக்கு நான் கூழ் ஊத்த வேண்டியதில்ல. செத்தவங்களா, உசிரோட இருக்கிறவங்களா? முடிவு பண்ணிட்டு வந்து கதவத் தட்டுங்க, பெரியவங்களே."

கணவர்கள் மூவரையும் வெளியிலேயே விட்டுக் கதவைச் சாத்தினாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். மூச்சு இருக்கிறது என்றார் ஒருவர். நிழல் விழவில்லை என்றார் மற்றவர். ரபி ஹனன் மூப்படைந்து இறந்தார், தெயோதத்து சிறையில் இறந்தார், சீடர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். சக்காய் காத்திருந்து அலுத்துப்போய், லித்தாவில் பல்லில்லாத ஒரு பணக்கார விதவையைக் கட்டிக்கொண்டான். கணவர்கள் மூவரும் படகு வேலைக்குப் போனார்கள். மறுபடி சாகப் பயப்படாதவர்கள் என்பதால் அவர்களுக்கு நல்ல கிராக்கி. யோசேஸ் மட்டும் சாயங்காலங்களில் வாசலுக்கு வந்து, சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுப் போவான். சாப்பிட்டேன் என்பாள். வீட்டில் அவள் தனியாக, பாயின் நட்டநடுவில் கையைக் காலை நீட்டித் தூங்கினாள்.

நரைத்துத் தளர்ந்த ஒரு மழைக்காலத்தில் அவள் இறந்தாள். அவளும் எழுவாள் என்று மூன்றாம் நாள் ஊர் கல்லறையடியில் கூடியது. கணவர்கள் மூவரும் துவைத்த உடுப்போடு முன்வரிசையில் நின்றார்கள். இரண்டு சபைகளும் இரண்டு பக்கத்தில் பாடின. கல்லைப் புரட்டியபோது சிப்போராள் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். எலெயாசார் உள்ளே தலையை நீட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் எழவில்லை. வாற்கோதுமை அறுப்பு வரை காத்திருந்து பார்த்தார்கள், அப்போதும் எழவில்லை. யோப்பாவில் யாரும் அதற்கு ஆச்சரியப்படவில்லை.