ராணி அழ வேண்டிய பாகம்

கொட்டகலைக் கடைவீதியில், வடிவேலின் துணிக்கடைக்குள் அன்று மூன்று பேர் இருந்தார்கள். வடிவேல் துணி மூட்டைமேல். அவன் அக்கா மீனம்மா வாசலோரப் பெஞ்சில். மனைவி சிவகாமசுந்தரி தையல் மெசினுக்கு முன்னால், மடியில் கொழும்பு ரேடியோ நிலையத்துக் கடிதத்தோடு.

ஆறு ரேடியோ நாடகங்களில் நடித்து அவள் பேர் வாங்கியிருந்தாள். ஏழாவதில் ராஜா செத்துப்போக, ராணி ஒப்பாரி வைக்க வேண்டும். அவள் மறுத்தால், பெண் வேடம் கட்டும் ஆண் நடிகர் ஒருவருக்கு அந்தப் பாகம் போய்விடும்.

"புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கயில, ஊரு கேக்க ஒப்பாரியா?" என்றாள் மீனம்மா. "நெசமுன்னு நெனச்சு துக்கம் விசாரிக்க வந்துருவாங்கடி."

"வரட்டும் மதினி. வந்தவங்க ஆளுக்கு ஒரு சேலை எடுத்துட்டுப் போகட்டும்."

வடிவேல் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"ரேடியோவில என் மொகம் தெரியாதே," என்றாள் சிவகாமசுந்தரி. "நெத்தி நெறையப் பொட்டு, தல நெறையப் பூ வச்சுக்கிட்டு, இவர எதிர்லயே உக்கார வச்சு அழுவுறேன். அப்புறம் என்ன தோசம்?"

மீனம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நானும் வாரேன். இவனுக்கு ஓயாத இருமல். செத்த ராஜா இருமுனா நாடகம் என்னத்துக்கு ஆகும்? வாயப் பொத்த ஆளு வேணும்ல?"

'நடிக்கச் சம்மதம். எனக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் போட்டுவைக்கவும்' என்று எழுதி, உறையை ஒட்டி, அன்றைய தபாலிலேயே கொழும்புக்கு அனுப்பினாள் சிவகாமசுந்தரி.