நீக்கப்பட்ட பதினேழு

ஊசியைக் கண்டதும் டோர்க்னி கையை நீட்டினார். இரவு உடையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டப் பார்த்தார். விரல்கள் துணியைப் பற்றாமல் நழுவின. ஒருவழியாகச் சுருட்டி முடித்து, முழங்கையின் உட்புறத்தைச் செவிலி மாரித்துக்குக் காட்டிக் கிடந்தார்.

"ரத்தம் எடுக்க வரலை, டோர்க்னி. இது வலிக்கு. தொடையில போட்டுடறேன்."

"எடுத்துக்கோ. நல்ல ரத்தம். ஆராய்ச்சிக்கே குடுத்த ரத்தம்." மூச்சு இடையில் நின்று திரும்பியது. "என் பொண்ணைக் கேளு."

ஜன்னலருகே நின்றிருந்த மகள் ஹெட்விக், காதில் விழாததுபோல் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்தாள்.

கட்டிலின் மறுபுறம் அமர்ந்திருந்த அவள் தம்பி ஓலோஃப் சிரித்தான். அவன் படகு எந்திரம் பழுது பார்ப்பவன். நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு எப்போதும் உண்டு. "ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்து, காலையில ட்ராம் ஏறிப் போய், ஒரு இலவங்கப்பட்டை பன்னுக்கு உன்னையே வித்தியேப்பா."

"ரெண்டு பன்," என்றார் டோர்க்னி.

மாரித் ஊசியைப் போட்டுவிட்டு வெளியேறும்போது ஹெட்விக்கைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சொல்ல வேண்டியது இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. சாயங்காலம் வரை தாங்குவார்னு தோணலை."

சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தோடுதான் ஹெட்விக் மூன்று நாள்களாக இந்த அறைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

கோத்தன்பர்க் துறைமுக நகரின் கரைக்கு எதிரே உள்ள தீவுகளுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் படகில் தபால் கொண்டுபோனவர் டோர்க்னி. மகளின் ஆய்வை அவளுடைய மதிப்பீட்டுக் குழுவினரைவிட விரைவாகப் புரிந்துகொண்டவரும் அவரே. உடலின் ஒவ்வொரு செல்லும் நுண்ணிய குமிழிகளை ரத்தத்தில் விடுகிறது. எக்ஸோசோம் என்ற அக்குமிழிகள் ஒரு செல்லின் செய்தியை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்கின்றன. மூப்படைந்த செல்லின் குமிழிகள் அண்டைச் செல்லையும் மூப்படையச் செய்யக்கூடும். நோயுற்ற செல்லோ சிலவேளை அளவுக்கு மீறி அவற்றை அனுப்புகிறது. இதையெல்லாம் அவள் அடுப்படி மேசையில் வரைந்து காட்டியபோது அவர் காப்பியை ஆற்றியபடி சொன்னார்: "அப்போ இது தபால்தானே. கிழடுங்க எழுதற கடுதாசியைப் படிச்சுப் படிச்சே இளசுங்களும் கிழடாகுது."

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவள் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கும் ஆரோக்கியமான முதியோர் குழுவில் ஓர் ஆண் குறைந்தார். வரவேண்டியவர் கடைசி வாரத்தில் பின்வாங்கியிருந்தார். ஆய்வாளரின் உறவினரிடமிருந்து ரத்தம் எடுக்கக்கூடாது என்பது விதி. ஹெட்விக் தன் தந்தையின் ரத்தத்தைத் தன் கையாலேயே எடுத்து, குழாயில் பதினேழு என்று எழுதினாள்.

பதினேழாம் குழாயில் குமிழிகள் மற்றவர்களைவிட நான்கு மடங்கு இருந்தன.

அந்த அளவு எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை. இவரைப் பாருங்கள் என்று மட்டுமே சொன்னது. மாறுபட்ட அளவு வந்தால் பொறுப்பு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் எண்ணுக்குரிய பெயரைத் திறந்து, கொடையாளரை மீண்டும் அழைப்பார். திறந்தால் அவர் படிக்கப்போவது ஹெட்விக்கின் குடும்பப் பெயரை. ஒரு மாலை முழுக்கத் திரையின் முன் அமர்ந்திருந்த பிறகு அவள் குறிப்புப் பத்தியில் எழுதினாள்: ‘சிவப்பணு சிதைந்த ரத்த மாதிரி. நீக்கப்பட்டது.’ சிதைந்திருந்தால் பிளாஸ்மா சிவந்திருக்கும்; குழாயில் இருந்ததோ வைக்கோல் நிறத்தில் தெளிந்திருந்த பிளாஸ்மா.

ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டு வா என்று தந்தையிடம் சொல்ல எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்கு அஞ்சித்தான் அதையும் சொல்லவில்லை. பதினாறு மாதங்கள் கழித்து அவர் கண்கள் மஞ்சளாயின. கணையத்தில் தொடங்கியது அதற்குள் ஈரல்வரை சென்றிருந்தது.

"ஹெட்விக்." டோர்க்னி கண்ணைத் திறக்காமலே அழைத்தார். "என் கடுதாசில என்ன எழுதியிருந்துச்சு? நீ ஒழுங்கா சொல்லவே இல்லையே."

ஓலோஃபும் அவளை நிமிர்ந்து பார்த்தான். நனைந்த பஞ்சிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சுப்பா."

"ம்." அவர் முகம் தளர்ந்தது. "நினைச்சேன்."

அவள் அவருடைய உதடுகளை நனைத்தாள். அதன்பின் அவர் பேசவில்லை.

நண்பகலில் ஓலோஃப் பழங்கதை ஒன்றை எடுத்தான். "ஞாபகம் இருக்கா? 'சிவப்புக் கதவு வீட்டு நொண்டிக்கு'ன்னு மட்டும் எழுதி ஒரு அட்டை வந்துச்சே. மூணு தீவு அலைஞ்சார். கடைசில அந்த ஆள் கதவுக்குப் பச்சை அடிச்சிருந்தானாம்."

"ஞாபகம் இருக்கு."

"தூக்கிப் போட்டுட்டு வரவேண்டியதுதானேன்னு அம்மா திட்டினா. ஒரு வாரம் அவகிட்ட பேசலை மனுஷன்."

ஹெட்விக் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். நிரம்பியிருந்த குவளையையே மீண்டும் நிரப்பினாள். திரும்பி வந்தபோது மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டிருந்தது. இரண்டே கால் மணிக்கு ஓர் இடைவெளி முடியவே இல்லை.

மாரித் வந்து நாடி பார்த்தாள், நேரம் குறித்துக்கொண்டாள், பிறகு, ஒருவர் இறந்ததும் செய்யும் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஏப்ரல் காற்று உள்ளே வந்தது; தெருவில் ட்ராம் வளைவில் திரும்பும் ஓசை கேட்டது.

அவருடைய பொருள்களைப் பைக்குள் எடுத்துவைக்கும்போது, பணப்பையில் ஓர் அட்டை ஓலோஃப் கையில் அகப்பட்டது. மடித்து மடித்து மூலைகள் நைந்த அட்டை. ‘ஆரோக்கியமான முதியோர் குழு, எண் 17. உங்கள் பங்களிப்புக்கு நன்றி.’ எண் ஹெட்விக்கின் கையெழுத்தில் இருந்தது.

"பாரேன், கிழவர் பத்திரமா வச்சிருக்கார். மீன்பிடித் துறையில எல்லார்கிட்டயும் காட்டினாராம்." அவன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "இதைப் பெட்டியில அவர்கூடவே வச்சிடலாம். அடக்கத்தன்னைக்கு நானும் ரெண்டு வார்த்தை சொல்லணும். உன் கட்டுரையில இவர் எங்க வர்றார்?"

"வரலை."

"பேரு போட மாட்டீங்க, அது தெரியும். நம்பரைச் சொல்லு போதும்."

"நம்பரும் இல்லை, ஓலோஃப்."

"ஏன் இல்லை?"

மாரித் நிமிராமல் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அட்டையைப் பிடித்தபடி ஓலோஃப் காத்திருந்தான்.

டோர்க்னியின் வலது கை போர்வைக்கு வெளியே, காலையில் நீட்டியபடியே கிடந்தது. ஹெட்விக் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்து உட்கார்ந்தாள். சுருட்டியிருந்த துணியை ஒவ்வொரு மடிப்பாக மணிக்கட்டு வரை இறக்கினாள். பொத்தான் துளைக்குள் நுழைய வெகுநேரம் பிடித்தது.