ஐலாவின் எள்ளுத்தாத்தா

அந்தப் பெண்ணின் குடும்பத்தில் ஏதாவது ஒரு கோளாறு கிடைத்தால் போதும், கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் அவளை எடிசன் என்ற அமெரிக்க ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு டிபன் சாப்பிடக் கூப்பிட்டேன். என் பிள்ளை சுஹாஸ் காதலிக்கும் ஐலா, இங்கேயே கார்னி என்ற ஊரில் வளர்ந்த ஸ்காட்லாந்து வம்சத்துக்காரி. அவள் பேசியது இங்கிலீஷ்; நான் தமிழில் சொல்கிறேன்.

வரும்போதே கையில் நோட்டு. அவளுடைய எள்ளுத்தாத்தா ஹியூ, அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் ஏதோ சின்ன ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு மேனேஜராம்.

"எத்தனை வருஷம்?" என்று விசாரணையை ஆரம்பித்தேன்.

"முப்பத்தொண்ணு. ஒரே கிளப்."

ஏழு கம்பெனி மாறிய என் வீட்டுக்காரர் ஜம்புநாதன், இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"டீமை அவர்தான் செலக்ட் பண்ணுவாரா?"

"அதுக்குக் கமிட்டி உண்டு. இவர் லெட்டர் எழுதுவார், ரயில் டிக்கெட் எடுப்பார். ஜெர்சியெல்லாம் அவர் மனைவி மேகி தோய்ப்பாங்க. எட்டுக் குழந்தைகளையும் வச்சுண்டு."

"ஐயோ பாவம் மேகி!" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். சட்டென்று சுதாரித்துக்கொண்டேன். "குடிப்பாரா?"

"தொடமாட்டார். ஒரே ஒரு தடவை டீமைத் தப்பான ரயில்ல ஏத்திட்டார். மேட்ச் போச்சு."

இதைச் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியுமா? கடன்காரி, எதையும் ஒளிக்காமல் சொல்லித் தொலைக்கிறாள்.

"அங்கிள், சுஹாஸோட எள்ளுத்தாத்தா?" என்று பேனாவை எடுத்தாள். நோட்டின் இடது பக்கம் முழுக்க ஹியூ குடும்பம். வலது பக்கம் எங்களுக்காம், வெறும் கட்டங்கள்.

"ராமசேஷன்," என்றார் இவர் பெருமையாக. அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணத்தில் சொல்லும் பேர்.

"என்ன வேலை பார்த்தார்?"

"தெரியலையேம்மா."

"எத்தனை குழந்தைங்க?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன்.

"ஏதாவது ஒரு தப்பாவது பண்ணியிருப்பாரே?" என்றாள் ஆசையாக.

அதுவும் தெரியாது. பேருக்குக் கீழே அவள் ஒரு கேள்விக்குறி போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்தை விசாரிக்கக் கூப்பிட்டது நான், விழிப்பதும் நானா?

"அதை அழி! நம்ம பக்கம் இப்படியா காலியா இருக்கும்? மன்னார்குடி கோபாலசாமி மாமாவுக்கு ஃபோன் பண்றேன். பத்திரிகை அடிக்கறதுக்குள்ள எல்லாம் கேட்டு வாங்கிடலாம்."

அதுவரை தட்டிலேயே கவனமாக இருந்த சுஹாஸ் நிமிர்ந்தான். "எந்தப் பத்திரிகை, மா?"

சொன்ன வாயை என்ன செய்வது?

"கல்யாணப் பத்திரிகைதான்டா, வேற என்ன? இட்லி ஆறிப்போறது, அவளுக்கு இன்னும் ரெண்டு போடு," என்றேன்.